தொப்பூர் ஏற்றத்தில் இழுக்காத லாரி

வண்டி 2019 மாடல் பத்துச் சக்கர லாரி. ஆறு சிலிண்டர், பிஎஸ் 4 (புகை விதி), காமன் ரெயில் இன்ஜின், யூரியா டேங்க் இல்லாத வகை. எல்லா சிலிண்டருக்கும் வேண்டிய டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் பொதுக் குழாய்தான் ரெயில். நாமக்கல்லில் ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். போகும்போது ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம். வரும்போது தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம்.

2023 மார்ச்சில் ஒரு நடை. சேலம் தாண்டி தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தேன். சீராக இழுத்துக்கொண்டிருந்த வண்டி பாதி ஏற்றத்தில் தளர்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,200-ஐத் தாண்டவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கியரை இறக்கி இறக்கி எப்படியோ மேலே ஏறி, ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காதது போல இழுத்தது. கிருஷ்ணகிரிக்கு அப்பால் சூளகிரி ஏற்றத்தில் மறுபடி அதே கதை. மறுபடி ஓரம் கட்டினேன், மறுபடி சரியானது.

அந்த டீயை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

திரும்பி வந்ததும் முதல் பட்டறை. ஸ்கேனரைப் போட்டதும் பி-0087 என்று வந்தது. ரெயிலில் டீசல் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, முற்றத்திலேயே இன்ஜினை முறுக்கிப் பார்த்தார்கள். "ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது அண்ணா" என்றார் மெக்கானிக். புதியது 92,000 ரூபாய். அப்போது உதிரிபாகத்துக்கு வரி 28 சதவீதம் (2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது), ஆக 1,17,760. ரீகண்டிஷன் செய்த பம்ப் என்றால் 44,000, பில் கிடையாது. தவணைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பில் இல்லாத பம்பையே எடுத்துக்கொண்டேன். பழைய பம்பை மாற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கொடுத்துவிட்டேன். கூலி 6,000.

அடுத்த நடையில் தொப்பூரில் அதே இடத்தில் அதே தளர்ச்சி. சூளகிரியில் இந்த முறை வண்டி அடியோடு நின்றுவிட்டது. ஃபில்டர் பக்கம் ஏர் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டே ஆகவில்லை. கிரேன் வைத்து இழுத்துவர 11,000.

இரண்டாவது பட்டறை கொஞ்சம் பெரியது, டைல்ஸ் பதித்த தரை. அங்கேயும் முதலில் ஃபில்டர் மாற்றம், பிறகு ஸ்கேனர், அதே குறியீடு. "பம்ப் புதிதாகப் போட்டும் வருகிறது என்றால் இன்ஜெக்டர்கள்தான் லீக். ஆறையும் மாற்ற வேண்டும்." சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஊசிதான் இன்ஜெக்டர். ஒன்று 18,500; ஆறுக்கு 1,11,000. எந்த இன்ஜெக்டர் என்று கேட்டேன். ஒன்று போனால் மற்றவையும் போகும் என்றார்கள். மூன்றாவதாக ஒருவர், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் மூச்சுக்குழாயைக் கழற்றி, தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "டர்போ ஆட்டம் இருக்கிறது" என்றார். தண்டில் துளி ஆட்டம் எல்லா டர்போவிலும் இருக்கும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்க வேண்டியது அது. அன்று எனக்கு அது தெரியாது. 38,000 என்றார்.

ஒரே நோய்க்கு மூன்று வைத்தியர், மூன்று அறுவை சிகிச்சை. யாரும் நாடி பார்க்கவில்லை.

என் சித்தப்பா அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காமன் ரெயிலில் அவருக்குப் பெரிய பழக்கம் இல்லை; அவர் காலத்து பஸ்களில் ஓடியது வரிசை பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே டீசல் தள்ளும் பழைய வகை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நின்றால் சரியாகிறது என்கிறாய். எவ்வளவு நேரம் நின்றால்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம், சித்தப்பா."

"பம்ப் தேய்ந்திருந்தால் டீ குடித்தால் சரியாகுமா? இன்ஜெக்டர் டீ குடிக்குமா?"

மூன்று பட்டறையிலும் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர்களும் கேட்கவில்லை. இழுவை இல்லை என்பதுதான் புகார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றால் திரும்பி வருகிறது என்பதும் புகாரின் பாதி என்று தோன்றவில்லை.

பி-0087 என்ன சொல்கிறது என்பதை நான் புரிந்துகொண்டது கிணற்று மோட்டாரை வைத்துத்தான். மேலே தொட்டியில் தண்ணீர் விழவில்லை. மோட்டார் கெட்டிருக்கலாம், நடுவில் குழாய் உடைந்திருக்கலாம், கிணற்றுக்கு அடியில் ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கலாம். 'தண்ணீர் விழவில்லை' என்பது மட்டும்தான் அந்தக் குறியீடு. அதைப் பார்த்ததும் மோட்டாரை மாற்றச் சொல்வது மோட்டார் விற்பவருக்கு வசதி.

லாரியிலும் டீசல் வருகிற வழி அப்படித்தான். டேங்க்குக்குள் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் வலை. அங்கிருந்து ஓஸ் வழியாக, தண்ணீர் பிரிக்கும் முன் ஃபில்டர். அதன் தலையில்தான் கையடி பம்ப். பிறகு ஹை பிரஷர் பம்பின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன கியர் பம்ப். டேங்கிலிருந்து இதுவரை முழுவதும் உறிஞ்சும் பக்கம். கியர் பம்ப் தள்ளிவிடும் டீசல் பெரிய ஃபில்டரைக் கடந்து ஹை பிரஷர் பம்புக்குள் போகிறது; அங்கிருந்து ரெயில், ரெயிலிலிருந்து ஆறு இன்ஜெக்டர்கள். மிஞ்சியது டேங்குக்கே திரும்புகிறது. ரெயிலில் அழுத்தம் குறைய இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் காரணம் இருக்கலாம். விலை உயர்ந்த சாமான்கள் எல்லாம் கடைசியில் இருக்கின்றன. பட்டறைகள் கடைசியிலிருந்து தொடங்கின. நான் முதலிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வரிசை பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். சித்தப்பாவின் கை அதற்குத்தான் போனது. தடுத்துவிட்டேன். இந்த இன்ஜின்களில் ரெயில் அழுத்தம் 1,600 பார் வரை போகும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம். ஓடும் இன்ஜினில் பம்புக்கு அப்பால் இருக்கும் எந்த நட்டையும் தொடக் கூடாது. நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிடம் விட வேண்டும்.

இன்ஜெக்டர் சந்தேகத்தைத் தீர்க்கப் பைப்பைத் தொட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலைத் திருப்பி அனுப்பும்; தேய்ந்த இன்ஜெக்டர் மிக அதிகமாக அனுப்பும். மருந்துக்கடையில் டிரிப் ஏற்றும் குழாய் ஆறு செட் வாங்கினேன். திரும்பும் குழாய்களைக் கழற்றிவிட்டு, ஆறு இன்ஜெக்டருக்கும் ஒவ்வொரு குழாயைச் செருகி, ஒரே அளவான ஆறு பாட்டில்களில் விட்டேன். இன்ஜின் சூடான பிறகு ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அளந்தேன். ஐந்து பாட்டில்களில் 28 முதல் 34 மில்லி. நான்காவதில் 41. ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு அனுப்பினால்தான் அது குற்றவாளி. நான்காவது சற்றுத் தாராளம், அவ்வளவுதான். இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: என் இன்ஜினில் திரும்பும் குழாய் வெளியே தெரியும்படி இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வழி வைத்திருக்கும் இன்ஜின்களில் இப்படித் தனித்தனியாக அளக்க முடியாது.

1,11,000 ரூபாய் மதிப்பீட்டுக்குப் பதில் சொல்ல ஆறு டிரிப் செட்டும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தன. டைல்ஸ் பதித்த பட்டறையில் இதைச் செய்திருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது.

டர்போ சந்தேகத்துக்கு சித்தப்பா புகையைக் கேட்டார். கரும்புகை இல்லை. வரிசை பம்ப் வண்டியில் இது நல்ல அடையாளம்: காற்று குறைந்தால் கரும்புகை, டீசல் குறைந்தால் புகையே இல்லாத தளர்ச்சி. கணினி வண்டியில் இதை அப்படியே நம்ப முடியாது. காற்று குறைந்தால் டீசலையும் இன்ஜின் கணினியே குறைத்துவிடும். ஆகவே புகையை ஒதுக்கிவிட்டு, ஸ்கேனரை ஓடும் வண்டியில் வைத்துப் பார்க்க முடிவு செய்தோம். தெரிந்த ஒருவரிடம் ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் வாடகைக்கு வாங்கினேன். காருக்கு விற்கும் மலிவான கருவிகள் பல 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை; லாரியின் 24 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும்.

லோடோடு தொப்பூர். நான் ஓட்டினேன், சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு எண்களை வாசித்தார். இன்ஜின் கேட்கும் அழுத்தம் ஒரு வரி, கிடைக்கும் அழுத்தம் மறு வரி. சமவெளியில் இரண்டும் ஒட்டியே போயின. ஏற்றத்தில் கேட்டது 1,300 பார். கிடைத்தது முதலில் 1,300, பிறகு 1,150, 900, 700. மஞ்சள் விளக்கு எரிந்தது. டர்போவின் காற்றழுத்தம் அதற்கு முன் சரியாகவே இருந்தது. டீசல் விழுந்த பிறகுதான் அதுவும் விழுந்தது. எது முதலில் விழுகிறது என்று பார்த்ததில் டர்போவும் வழக்கிலிருந்து விடுதலை.

முற்றத்தில் இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் இது தெரியாது. லோடு இல்லாத இன்ஜின் குடிக்கிற டீசல் கொஞ்சம். அடைப்பு இருந்தாலும் அந்த அளவுக்குப் போதும். பத்தொன்பது டன் ஜவ்வரிசியோடு அரை மணி நேரம் ஏறினால்தான் தாகம் தெரியும். பட்டறைக்காரர்கள் மூவரும் நோயாளி நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டுமே அவனைப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்ததுதான் இந்தப் பதிவிலேயே பயனுள்ள சோதனை: கேன் சோதனை. டேங்கையும் அதன் ஓஸையும் முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, வேறொரு பாத்திரத்திலிருந்து இன்ஜினுக்கு டீசல் கொடுத்துப் பார்ப்பது. 35 லிட்டர் கேனைக் கழுவிக் காயவைத்து, வடிகட்டிய டீசல் நிரப்பி, கேபினுக்குப் பின்னால் வெளிப்புறமாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கேபினுக்குள் வைக்கக் கூடாது. முன் ஃபில்டருக்கு வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புது ஓஸ் போட்டேன். திரும்பும் குழாயையும் கேனுக்கே கொண்டுவர வேண்டும்; இல்லையென்றால் கேன் டீசல் எல்லாம் டேங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கையடி பம்பை அழுத்திக் கெட்டியாகும் வரை ஏர் எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். ஏரோடு சுற்றவிட்டால் நல்ல பம்பும் தேயும். தீயணைப்பு சிலிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டோம்.

தொப்பூர் அடிவாரத்திலிருந்து உச்சி வரை. கேட்டது 1,300, கிடைத்தது 1,300. உச்சியில் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டர்போ, இரண்டு ஃபில்டர் எல்லாம் நல்லவை. குற்றம் டேங்குக்கும் முன் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தது. 44,000 ரூபாய் பம்பை நினைத்து அந்த உச்சியில் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

டேங்கில் முதலில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினோம். காற்றுத்துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இதே போலச் செய்யும். மாற்றம் இல்லை. பிறகு உறிஞ்சு குழாயைக் கழற்றினேன். வலையில் கறுப்பாக வழுவழுப்பான பாசி. டேங்கின் அடி நட்டைத் திறந்ததும் அரை லிட்டர் தண்ணீர் வந்தது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து இப்படிச் சேறாகும். கண்டுபிடித்துவிட்டோம் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டேங்கைக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, பழைய ஓஸையே திரும்ப மாட்டி லோடோடு கிளம்பினேன்.

தொப்பூர். மஞ்சள் விளக்கு.

இனிப்பு தீர்ந்த பிறகு மிஞ்சியது ஓஸ் மட்டும். வெளியே பார்த்தால் புதிது மாதிரி கறுப்பாகப் பளபளத்தது. முற்றத்தில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்த்தபோது ஏர் குமிழி ஒன்றும் வரவில்லை. அதனால் ஓஸின் மேல் எனக்குச் சந்தேகமே விழுந்திருக்கவில்லை. கழற்றி இன்ஜின் பக்கத்து முனையில் வாய் வைத்து ஊதினேன், தாராளமாகப் போனது. டேங்க் பக்கத்து முனையிலிருந்து, அதாவது டீசல் போகும் திசையில் ஊதினேன். கன்னம் உப்பியது, காற்று திக்கித் திக்கிப் போனது. கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். சேஸியை ஒட்டி வளையும் இடத்தில், உள் ரப்பர் ஊறி உப்பி, துணிப்படலத்திலிருந்து உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக உறிஞ்சினால் நாக்கு படுத்திருக்கும். ஏற்றத்தில் இன்ஜின் பலமாக உறிஞ்ச, சூட்டில் ரப்பர் இன்னும் இளக, நாக்கு நிமிர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கும், நாக்கு பழையபடி படுத்துவிடும். டீயின் ரகசியம் அதுதான்.

இப்போது சொல்லச் சங்கடமான பகுதி. அந்த ஓஸைப் போட்டது எந்தப் பட்டறையும் அல்ல, நான். 2021 கடைசியில் சோலாப்பூருக்கு அருகே எலி கடித்து டீசல் ஒழுகியது. இரவு நேரம். பக்கத்துக் கடையில் ஏர் கம்ப்ரசருக்குப் போடும் ஓஸ்தான் இருந்தது. தற்காலிகமாக மாட்டி, ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தேன். ஒழுகல் நின்றதும் மறந்தேபோய்விட்டது. டீசல் தாங்கும் ரப்பர் வேறு. காற்றுக்கும் தண்ணீருக்கும் போடுகிற ரப்பர் டீசலில் ஊறும். ஒன்றேகால் வருடம் ஊறியிருக்கிறது.

டீசலுக்கென்றே செய்த ஓஸ் நான்கு மீட்டர், மீட்டர் 210 வீதம் 840. கிளிப்புகள் 160. ஓஸ் முனையை இறுக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குப் புதுக் காப்பர் வாஷர் 60. மொத்தம் 1,060. வளைவில் மடியாதபடி இரண்டு இடத்தில் சேஸியோடு கட்டி, சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனேன். அதற்கு முன் ஆன செலவு: பம்ப் 44,000, கூலி 6,000, கிரேன் 11,000, மூன்று தடவை ஃபில்டர் செட் 7,200, இரண்டு பட்டறை ஸ்கேன் கட்டணமும் ஸ்கேனர் வாடகையும் 4,000. கூட்டினால் 72,200. தவறிய மூன்று நடைகளின் வாடகையை நான் கணக்குப் போடவில்லை. போட்டால் தூக்கம் வராது.

கிழித்த ஓஸை எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணம்தான். மெக்கானிக் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இதை யார் போட்டது அண்ணா?" என்றார். அதற்கு மேல் சண்டைக்கு இடமில்லை. பழைய பம்பைத் திரும்பக் கேட்டேன். அது அன்றைக்கே ரீகண்டிஷன் கடைக்குப் போய், வேறு யாருடைய வண்டியிலோ ஓடிக்கொண்டிருக்கிறதாம். பில் இல்லாததால் என் 44,000-க்குக் கேட்கவும் வாய் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அதன் பிறகு அவர் பட்டறையில் ஒரு 35 லிட்டர் கேனும் ஓஸும் சுவரில் தொங்குகின்றன. நானும் பட்டறைக்குப் போனால் எங்கே, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, எந்த கியரில், எவ்வளவு லோடில், நின்றால் என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். சாமானை மாற்றச் சொன்னால் எதை அளந்தீர்கள், எண் என்ன என்று கேட்கிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை.

மீதமிருப்பது அந்த நான்காவது இன்ஜெக்டர். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது 44 மில்லி. மற்றவை பழைய அளவிலேயே இருந்தன. இன்னும் மாற்றும் அளவுக்கு வரவில்லை. டிரிப் செட் ஆறும் கழுவி டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன் இன்னொரு தடவை அளக்க வேண்டும்.